எட்டாவது மாடிக்காரனும் என் பத்து நிமிடப் பேச்சும்

அன்பு மகளுக்கு,

மார்ச் பதினான்கு, சனிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம், என் முன்னால் முப்பத்தொரு பேர். அதில் சிரித்தவர்கள் இருபத்தொன்பது. சிரிக்காத இருவரில் ஒருவர் பயிற்சி மேடம், இன்னொருவர் தூங்கிக்கொண்டிருந்தார். இது ஒன்றைத் தவிர இங்கே எல்லோரும் சுகம், அம்மாவின் முழங்கால் வலி பாதி குறைந்திருக்கிறது, குளியலறைக் குழாயின் சொட்டை நான் நிறுத்திவிட்டேன், நீயும் சுகமாகத்தான் இருப்பாய், ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் முக்கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசியவளுக்கு உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது. அந்த முக்கால் மணி நேரத்தில் அப்பா எப்படிப் பேசினார் என்று நீ திரும்பத் திரும்பக் கேட்டதும், நல்லாத்தான் பேசினாராம் என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னதும் பக்கத்து அறையில் எனக்குக் கேட்டது. பொய் அவளுடையது இல்லை, நான் அவளுக்குச் சொன்ன பொய். அதைச் சரி செய்யத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அப்புறம் சிரிப்பாய், அப்புறம் எனக்குக் கோபம் வரும், போனை வைத்துவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே வர முடியாது. இதில் அம்மாவுக்கு இன்னும் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது, கடைசி வரி வரை படிக்காமல் அவளைக் கூப்பிட்டு ஏதாவது உளறி வைக்காதே.

முதலில் இருந்து சொல்கிறேன். லிஃப்ட் வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க எங்கள் கம்பெனி ஒரு பயிற்சி அறை திறக்கிறது, அதற்கு ஒரு ஆசிரியர் வேண்டும், வெளியே தேடாமல் உள்ளேயே எடுக்கிறார்கள். விருப்பம் உள்ளவர்களுக்குச் சனிக்கிழமை தோறும் வகுப்பு, ஆளுக்கு இரண்டு பேச்சு, ஒவ்வொன்றும் பத்து நிமிடம், இரண்டும் முடிந்ததும் ஒருவரைப் பொறுக்குவார்கள். பெயர் கொடுத்தவர்கள் நிறைய என்றாலும் போட்டி இரண்டு பேருக்குத்தான், மற்றவர்கள் சனிக்கிழமை அரை நாள் வேலையில் இருந்து தப்பிக்க வந்தவர்கள். அந்த இரண்டு பேரில் ஒருவன் நான். பன்னிரண்டு வருடமாக லிஃப்டின் கூரை மேல் நின்று வேலை பார்க்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்க எனக்கு ஆசை. அம்மாவின் ஆசை வேறு, நான் அந்த இருட்டுக் கூண்டில் இருந்து வெளியே வந்துவிட வேண்டும் என்பது. மாலையில் நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, என் கைகளைத்தான் பார்ப்பாள், விரல் எல்லாம் இருக்கிறதா என்று. நீயும் பார்த்திருப்பாய். உன்னைப் பெற்றபோது எனக்கு இருபது வயது, உன்னைக் கல்லூரியில் சேர்க்க வந்தபோது விடுதிக் காவலாளி என்னைப் பார்த்து அண்ணனா என்று கேட்டார், அந்த அளவுக்கு இளமையாகத்தான் இருக்கிறேன், ஆனாலும் காலையில் ஏணியில் ஏறும்போது முட்டி சத்தம் போடுகிறது. அதனால் எனக்கு அந்த வேலை வேண்டும்.

இன்னொருவன் கஞ்சிச்சட்டை. விற்பனைப் பிரிவில் இருப்பவன், என் வயதுக்கு இரண்டு மூன்று குறைச்சல். அவன் சட்டைக்குப் போடும் கஞ்சியில் சட்டை தனியாகவே நிற்கும், உள்ளே ஆள் தேவையில்லை, அதனால் மெக்கானிக்குகள் நாங்கள் வைத்த பெயர் அது. லிஃப்ட் விற்பான். லிஃப்டுக்குள் ஏறியிருக்கிறான், லிஃப்டுக்கு மேலே ஏறியதில்லை. அவன் பேச்சுக்கு மேடம் முப்பதுக்கு இருபத்தாறு போட்டார். என் பேச்சுக்குப் பதினொன்று. அடுத்த பேச்சில் நான் வானத்தை வில்லாக வளைத்தால்தான் உண்டு.

எப்படிப் பதினொன்று வந்தது என்று கேட்பாய். பேசி முடித்த ஒவ்வொருவரும் தன் பேச்சைத் தானே அலசிப் பார்க்க வேண்டும் என்பது மேடம் வைத்த விதி, அதற்காக ஒவ்வொருவரின் பேச்சையும் படம் பிடித்து அவரவர் போனுக்கு அனுப்பிவிடுவார். நானும் ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா கடைக்குப் போனதும் பார்த்தேன். முதல் குறை, முதுகு. பத்து நிமிடப் பேச்சில் பாதி நேரம் என் முதுகுதான் தெரிகிறது, நான் கரும்பலகையைப் பார்த்து நிற்கிறேன், வேலையில் எப்போதும் மின்பெட்டியைப் பார்த்து நின்று பழகியவன், ஆட்களைப் பார்த்து நிற்கத் தெரியவில்லை. இரண்டாவது, கை. கையில் கொடுத்த சாக்பீஸை ஸ்குரூடிரைவர் மாதிரி பிடித்து, பேசப் பேசத் திருகிக்கொண்டே இருக்கிறேன், கீழே மாவு கொட்டுகிறது. இதெல்லாம் பரவாயில்லை. மூன்றாவதுதான் என்னைக் கொன்றது. எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு, உனக்குத் தெரியும். மேலே நிற்பவன் ஒன்று சொன்னால் கீழே நிற்பவன் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும், திருப்பிச் சொல்லும் வரை மேலே இருப்பவனின் விரல் லிஃப்டை நகர்த்தும் பொத்தானைத் தொடக் கூடாது. வராவிட்டால் இன்னும் சத்தமாகச் சொல்வோம். சின்ன வயதில் பல் தேய் என்றால் பல் தேய்க்கறேன் என்று நீ சொல்லாமல் நான் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேனே, அதே பழக்கம். வகுப்பிலும் அதைச் செய்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். மின்சாரத்தை அணைக்காமல் மூடியைத் திறக்கக் கூடாது என்றேன். நிறுத்தினேன். விழித்திருந்த முப்பது பேரும் என்னைப் பார்க்கிறார்கள், நான் அவர்களைப் பார்க்கிறேன், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் சத்தமாக அதையே சொன்னேன். நிறுத்தினேன். யாரும் சொல்லவில்லை. அடுத்த வாக்கியமும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே, குரல் ஏறிக்கொண்டே போகிறது, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, சிரிப்பு முதல் வரிசையில் இருந்து பின்னால் பரவுகிறது, நானோ அவர்களுக்குக் காது கேட்கவில்லை போல என்று நினைத்து இன்னும் கத்துகிறேன். நான்காவது விதியே அதுதான், ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது. அதைச் சொல்லி நிறுத்தியதும் கடைசி பெஞ்சில் இருந்து கஞ்சிச்சட்டை எழுந்து, என் குரலிலேயே, என் இழுப்பிலேயே, அந்த வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னான். நான் என்ன செய்தேன் தெரியுமா, திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த விதிக்குப் போனேன். அந்த நொடியில் அவன் மேல் எனக்கு நன்றி கூட வந்தது. இதை எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் அவன் திருப்பிச் சொன்னான், வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது, எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னதால் பத்து நிமிடப் பேச்சு பத்தொன்பது நிமிடம் போனது, மேடம் மணியை அடித்து அடித்து ஓய்ந்துவிட்டார்.

தேநீர் இடைவேளையில் அவன் என் முழுப் பேச்சையும் நடித்துக் காட்டினான். சாக்பீஸுக்குப் பதில் பிஸ்கட்டைத் திருகினான். நான் கோப்பையோடு பக்கத்தில்தான் நிற்கிறேன். வாங்க எக்கோ அண்ணே, டீ சூடா இருக்கு, டீ சூடா இருக்கு, என்றான். அன்றிலிருந்து என் பெயர் எக்கோ. ஸ்டோர் ரூமில் சாமான் எடுத்துக் கொடுப்பவர் உட்பட எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், என்ன எக்கோ, நட்டு எத்தனை வேணும், எத்தனை வேணும் என்று. சிரித்துவிட்டு நகரும் ஆள் நான் இல்லை என்று உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நன்றாகப் பேசினேன் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன், தலையில் தண்ணீர் விழ விழ அவனை என்ன செய்வது என்று மட்டும் யோசித்தேன்.

செய்வதற்கு வழி இருந்தது. கஞ்சிச்சட்டை ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் எட்டாவது மாடியில் குடியிருக்கிறான், கம்பிக்கதவு வைத்த அந்தக் காலத்து லிஃப்ட், அதன் பராமரிப்பு என் பொறுப்பு. அடுத்த வாரம் திங்கட்கிழமை செய்ய வேண்டிய வேலையை ஞாயிறு மதியம் சாப்பிட்ட கையைக் கழுவிய கையோடு கம்பெனி செயலியில் இந்தத் திங்கட்கிழமைக்கு இழுத்தேன். நேரம் காலை ஏழரை. அவன் எட்டு மணிக்கு, இரண்டு கையிலும் விளம்பரப் புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவன். எட்டு மாடி இறங்கட்டும், அந்தச் சட்டை என்ன ஆகிறது பார்ப்போம் என்று நினைத்தேன். சின்னப் புத்தி என்று நீ சொல்வாய், சொல்லிக்கொள், அன்று அது எனக்கு இனித்தது. என்னோடு எப்போதும் போல உதவிக்கு உன் மாமா வந்தான், அம்மாவின் தம்பிதான். என்ன மச்சான், இது அடுத்த வாரம்தானே, என்றான். மழை வரும் போல இருக்கு, அதான், என்றேன். லிஃப்டுக்குள்ள எப்ப மச்சான் மழை பெஞ்சுது, என்று சிரித்துக்கொண்டே அடிக்குழிக்குள் இறங்கினான். தரைத் தளத்துக்கும் கீழே லிஃப்ட் போய் நிற்கும் பள்ளம் அது, அந்தக் கட்டடத்தில் ஆழம் ரொம்பக் குறைவு, லிஃப்ட் முழுக்க இறங்கினால் உள்ளே ஆள் படுத்தாலும் இடம் இல்லை. லிஃப்டை முதல் மாடியில் நிறுத்தி, அதன் கூரை மேல் நான்.

எட்டு மணிக்கு அவன் கதவு பூட்டும் சத்தம் கேட்டது. மாடிப்படி லிஃப்டைச் சுற்றித்தான் இறங்குகிறது, ஒவ்வொரு படியும் எனக்குக் கேட்டது. ஏழாவது மாடியில் ஒரு கெட்ட வார்த்தை. ஐந்தாவதில் கட்டைக் கீழே வைத்து மூச்சு வாங்கினான். மூன்றாவதில் யாரிடமோ போனில், இல்ல சார், லிஃப்ட் கம்பெனிக்காரன் வீட்டுலயே லிஃப்ட் இல்ல சார், என்று அழாத குறையாகச் சொன்னான். எனக்கு அப்போது ஒரு ஆசை வந்தது. அவன் கடைசிப் படியில் கால் வைக்கிற அந்த நொடியில், நன்றாக ஓடும் லிஃப்ட் அவன் மூக்குக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். நான் கூரை மேல் நின்று, குட்மார்னிங் என்று மட்டும் சொல்ல வேண்டும். அதற்காக அவசரப்பட்டேன். கீழே மாமா, முடிஞ்சது மச்சான், என்று குரல் கொடுத்திருந்தான். முடிந்தது என்றால் அடிக்குழி வேலை முடிந்தது என்று அர்த்தம், ஆள் வெளியே வந்தாயிற்று என்று அர்த்தம் இல்லை. அதனால்தான் திருப்பிச் சொல்லும் விதியே இருக்கிறது. நான் விதிப்படி, கீழே வருது, என்று கத்தினேன். கீழே வருது, என்று பதில் வந்தது. பொத்தானை அழுத்திவிட்டேன்.

லிஃப்ட் ஒரு சாண் நகர்ந்தது. என் விரல் தானாகப் பொத்தானை விட்டு எழுந்தது, லிஃப்ட் நின்றது. ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது, பிறகு யோசித்துப் பார்த்தால் புரிகிறது, மாமா இத்தனை வருடத்தில் ஒரு நாளும் வெறுமனே கீழே வருது என்று சொன்னதில்லை, கீழே வருது மச்சான் என்பான், தேவையில்லாத வார்த்தையைச் சேர்க்காதே என்று நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன், அன்று அந்த மச்சான் இல்லை. அடுத்த நொடி அடிக்குழிக்குள் இருந்து, மச்சான் நான் உள்ள இருக்கேன், உள்ள இருக்கேன், என்று அவன் அலறினான். வேலை முடிந்தது என்று, உள்ளே ஆள் இருக்கும்போது லிஃப்டை நகர விடாத ஸ்டாப் சுவிட்சை விடுவித்துவிட்டு ஏணியில் ஒரு கால் வைத்தவன், ஸ்பேனர் கீழே கிடப்பதைப் பார்த்துத் திரும்ப இறங்கிக் குனிந்திருக்கிறான். என் குரலுக்குப் பதில் சொன்னது அவன் இல்லை. தரைத் தளத்துக் கம்பிக்கதவில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கஞ்சிச்சட்டை, மேலே என் குரல் கேட்டதும், விளையாட்டுக்கு, என் குரலிலேயே திருப்பிச் சொல்லியிருக்கிறான்.

நான் எப்படிக் கீழே வந்தேன் என்று நினைவில்லை. அவன் சட்டைக் காலரைப் பிடித்தேன், கஞ்சி எல்லாம் வியர்வையில் கரைந்து துணி என் கையோடு ஒட்டியது. மாமா பள்ளத்தில் இருந்து ஏறி வந்ததைப் பார்த்துத்தான் உள்ளே ஒரு ஆள் இருந்தது அவனுக்குத் தெரிந்தது, முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. ஆனாலும் வாய் போகவில்லை. உள்ள ஆள் இருக்கறது எனக்கு எப்படிண்ணே தெரியும், சும்மா தமாஷுக்குத்தானே, நீங்கதானே அன்னிக்கு அத்தனை பேர் முன்னால சொன்னீங்க, ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் அப்படியே திருப்பிச் சொல்லணும்னு, நான் அதைத்தானே செஞ்சேன், என்றான். என் பிடி தளர்ந்துவிட்டது. அடித்திருக்கலாம், அடிக்கவில்லை, இன்று வரை அதற்கு வருத்தப்படுகிறேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன், இந்தத் தடவை முதுகையும் கையையும் பார்க்கவில்லை, பேசியதை மட்டும் கேட்டேன். அவன் சொன்னது உண்மை. அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறேன். யார் சொல்ல வேண்டும், எங்கே நின்று சொல்ல வேண்டும், எதற்காகச் சொல்ல வேண்டும், ஒரு வார்த்தை இல்லை. பதினான்கு விதி சொல்லியிருக்கிறேன், வேண்டும் வேண்டும் கூடாது கூடாது, ஒன்றுக்காவது ஏன் என்று சொல்லவில்லை. எனக்கு அது தெரிந்த விஷயம், அதனால் கேட்பவனுக்கும் தெரியும் என்று நினைத்திருக்கிறேன். அந்த அறையில் என் பேச்சைக் கவனமாகக் கேட்டு ஒரு வாக்கியம் விடாமல் மனப்பாடம் செய்தவன் அவன் ஒருவன்தான், அவனே அதைக் கொண்டு உன் மாமாவைக் கொல்லப் பார்த்தான். மேடம் போட்ட பதினொன்று அதிகம். இதை அவனை மன்னிப்பதற்காகச் சொல்லவில்லை. பேச்சு மோசம் என்பது என் பாடு. மற்றவன் வேலை செய்யும் இடத்தில் குரல் கொடுத்து விளையாடியது அவன் பாடு. என்னுடையதை நான் பார்த்துக்கொள்கிறேன், அவனுடையதை அவன் தலையில் இறக்காமல் எனக்குச் சோறு இறங்காது.

மாமா எப்படி இருக்கிறான் என்று பதறாதே, உடம்பில் ஒரு கீறல் இல்லை. அன்று லிஃப்டை ஓட விட்டுவிட்டு, மீதி வேலையை முடிக்காமலே கிளம்பினோம். வேனில் ஏறும்போதுதான் கேட்டான், ஏன் மச்சான் இன்னிக்கு வந்தோம், நிஜத்தைச் சொல்லுங்க, என்றான். சொன்னேன். அவனை எட்டு மாடி இறங்க விடத்தான் என்றேன். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அக்காகிட்ட சொல்லிடாதீங்க, என்று மட்டும் சொன்னான். செவ்வாய்க்கிழமை முதல் வேலையில் நான் என்ன சொல்கிறேனோ அதை அப்படியே திருப்பிச் சொல்கிறான், ஒரு வார்த்தை கூடவும் இல்லை குறையவும் இல்லை, இத்தனை வருடம் நான் திட்டித் திட்டிக் கேட்டது அதுதான். மச்சான் என்று ஒரு தடவை கூடக் கூப்பிடவில்லை. அதுவும் கஞ்சிச்சட்டையின் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறேன், பாதி என் கணக்கில்.

நேற்று மாலை அவனிடம் இருந்து போனில் ஒரு செய்தி. அண்ணே, நடந்தது நடந்துபோச்சு, நமக்குள்ளயே இருக்கட்டும், நீங்க ஆப்ல தேதியை மாத்தினதை நானும் பாத்தேன், யார்கிட்டயும் சொல்லலை, ரெண்டு பேருக்கும் நல்லது. படித்தாயா. விற்கிறவன் புத்தி எப்படி வேலை செய்கிறது பார், என் தலையை என் கையிலேயே கொடுத்து விலை பேசுகிறான். நான் வாய் திறந்தால் அவன் வாய் திறப்பான், சொந்த வன்மத்துக்குப் பராமரிப்புத் தேதியை மாற்றியவனை எந்தக் கம்பெனி ஆசிரியராக வைக்கும். நான் வாய் திறக்காவிட்டால் அவன் இருபத்தாறோடு போய் அந்த நாற்காலியில் உட்காருவான், கூரை மேல் ஏறாதவன் புதிதாக வருகிறவர்களைக் கூரை மேல் ஏற்றுவான், நான் காலம் முழுக்க அவன் சொல்லிக் கொடுத்தவர்களின் குரலை நம்பிப் பொத்தானை அழுத்த வேண்டும். ராத்திரி முழுக்க யோசித்தேன். முடிவுக்கு வந்துவிட்டேன். அவனை அடிக்க என்னிடம் இருப்பது ஒரே ஒரு தடி, ஓங்கினால் என் முதுகிலும் விழும். விழட்டும். அவன் மேல் விழுந்தால் போதும்.

நீ இதைப் படித்துவிட்டு, அப்பா விட்டுவிடுங்கள், அமைதியாக இருங்கள் என்று பதில் எழுதாதே, தபால் செலவு மிச்சம். உனக்கு அடுத்த மாதம் வகுப்பில் பேச வேண்டிய முறை வருகிறது என்று அம்மா சொன்னாள். ஒன்று மட்டும் சொல்கிறேன், உனக்கு நன்றாகத் தெரிந்த இடத்தில்தான் நீ தப்பு செய்வாய், தெரியாத இடத்தில் எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் இருப்பார்கள். பேசுவதற்கு முன் உன் அறைத்தோழியை உட்கார வைத்துச் சொல்லிக் காட்டு, அவள் ஏன் என்று கேட்கும் இடத்தில் எல்லாம் நிறுத்து. யாராவது சிரித்தால் யார் என்று பார்த்து வைத்துக்கொள், மறக்காதே. வேளைக்குச் சாப்பிடு, முடி கொட்டுகிறது என்று கண்டதையும் வாங்கித் தடவாதே. உன் விடுதி லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கிறது என்று சொன்னாயே, நின்றால் கதவை நெம்பித் திறந்து குதிக்கக் கூடாது, ஏன் என்றால் நீ குதிக்கிற நொடியில் அது நகர ஆரம்பிக்கலாம், உடம்பு பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கும், பார்த்தாயா, இப்போது ஏன் சொல்லக் கற்றுக்கொண்டேன். உள்ளேயே உட்கார்ந்து மணியை அடி, பயமாக இருந்தால் எனக்குப் போன் செய். நல்லபடியாகப் படி, தைரியமாக இரு, நூறு வருடம் நன்றாக இரு, உன்னைப் பார்த்து ஒருவன் சிரித்தால் அவன் பிறகு வருத்தப்படும்படி வாழ். வெள்ளிக்கிழமை இரவு வரை அம்மாவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே, மறந்துவிடப் போகிறாய்.

இப்படிக்கு, உன் மேல் மட்டும் கோபம் இல்லாத
உன் அப்பா

நான் செய்யப்போவது கீழே. யார் சொன்னாலும் வரிசை மாறாது.

1. வெள்ளிக்கிழமை மாலை மாமாவை வீட்டுக்குக் கூட்டி வந்து, அவன் பக்கத்தில் இருக்க, அம்மாவிடம் நானே எல்லாவற்றையும் சொல்வேன். ஊரில் யாரும் அவளுக்கு முன்பே கேள்விப்படக் கூடாது. அவள் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வேன், கையில் கிடைத்ததை எறிந்தால் குனிய மாட்டேன்.

2. சனிக்கிழமைப் பேச்சில் பதினான்கு விதி கிடையாது. ஒரே ஒரு விதி, அதற்கு ஒரே ஒரு ஏன். பத்து நிமிடத்தில் முடிப்பேன்.

3. முதல் வாக்கியமே, பராமரிப்புத் தேதியை நான் பகைக்காக மாற்றினேன் என்பதாக இருக்கும். அவன் பேசிய விலை அந்த இடத்திலேயே செல்லாமல் போகும்.

4. அதன் பிறகு திங்கட்கிழமை எட்டு மணிக்கு நடந்ததைச் சொல்வேன். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன், அவனை எழுப்பி நிறுத்தி, அன்று கம்பிக்கதவில் சாய்ந்து சொன்னதை அதே குரலில் இன்னொரு தடவை சொல்லச் சொல்வேன். சொல்லும் வரை காத்திருப்பேன். எவ்வளவு நேரம் ஆனாலும்.

5. அதற்கு அப்புறமும் அந்த நாற்காலி அவனுக்கே கிடைத்தால், அவன் எடுக்கும் முதல் வகுப்பில் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்து, அவன் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஏன் என்று கேட்பேன். வேலை போனாலும் போய் உட்காருவேன்.

6. வேலை இருந்தால், அடுத்த திங்கட்கிழமை, அந்தப் பராமரிப்புக்கு முதலில் இருந்த தேதியில், பாதியில் விட்டதை முடிக்க அதே கட்டடத்துக்கு மாமாவோடு போவேன். இந்தத் தடவை கூரை மேல் மாமா. பொத்தான் அவன் கையில். அடிக்குழிக்குள் நான் இறங்குவேன். அவனுக்கும் என் மேல் ஒரு பழி பாக்கி இருக்கிறது, தீர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று மேலே நின்று அவன் யோசிக்கட்டும், அவசரம் இல்லை, நான் கீழேயே இருக்கிறேன்.